பொழிமுகத்தில் ஒரு பகல்

நாஞ்சில் என்னும் சொல்லுக்குக் கலப்பை என்பது பொருள். உழுபடையின் பெயரையே தன் பெயராகக் கொண்டது நம் நாஞ்சில் நாடு. பெயருக்கேற்ப இந்நாட்டின் வரலாறும் பெரும்பாலும் கலப்பையின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த அணை எப்போது கட்டப்பட்டது, எந்தக் கால் எந்தப் பற்றுக்குப் பாய்ந்தது, எந்தக் கோயிலுக்கு எத்தனை கோட்டை விதைப்பாடு விடப்பட்டது என்பனவற்றைக் கல்லிலும் ஓலையிலும் எழுதி வைத்தனர் நம் முன்னோர். ஆனால் அந்தக் கால்களின் நீரெல்லாம் இறுதியில் சென்று சேரும் கடற்கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களைப் பற்றி அக்கல்லும் ஓலையும் சொல்பவை மிகக் குறைவு. கலப்பை முடிந்து துடுப்புத் தொடங்கும் இடத்தில் எழுத்தும் முடிந்துவிடுகிறது.

அந்த இடத்தை ஒருநாள் முழுதும் இருந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் நண்பர்கள் சிலருக்கு நெடுநாளாக இருந்தது. தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய சனிக்கிழமை அதற்கு வாய்த்தது. பங்குத்தந்தை ஒருவர், ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர், வங்கியில் பணிபுரியும் நண்பர் ஒருவர், நாங்கள் இருவர் என ஐவர் விடியற்காலையில் நாகர்கோவிலிலிருந்து புறப்பட்டு மணக்குடி சென்றோம். கடலில் ஓங்கில்களைக் காண்பதும், பின்னர் மணக்குடிப் பொழியின் மணலில் அமர்ந்து பேசிக்கொண்டிருப்பதுமே எங்கள் திட்டம். பொழுதுபோக்கு என்றே கிளம்பினோம். திரும்பும்போது தீர்க்க வேண்டிய கடனொன்று எங்களோடு வந்தது.

ஓங்கில்களின் நடுவே

கீழ மணக்குடிக் கரையில் எங்களை ஏற்றிக்கொண்டது இயந்திரம் பொருத்திய ஃபைபர் வள்ளம். அதன் உரிமையாளர் எழுபது வயதைக் கடந்த பெரியவர். அவருடைய மகன் இயந்திரத்தைப் பிடித்தார். கரையையடுத்து மடங்கி விழும் அலைகளைத் தாண்டுகிற அந்தச் சில கணங்களில் பெரியவர் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். எங்கள் கைகளும் தாமாகவே நெற்றிக்குச் சென்றன.

அரைமணி நேரத்தில் கரை ஒரு கோடாகச் சுருங்கியது. வடக்கே மருத்துவாழ்மலை மட்டும் தெளிவாக நின்றது. "இந்த மலைதான் எங்களுக்கு எழுத்து" என்றார் பெரியவர். விளக்கம் கேட்டோம். கடலுக்கடியில் மீன் கூடும் பாறைகளைப் பார் என்பர். மேலே நின்று பார்த்தால் எங்கும் ஒரே நீர்தான். ஒரு மலைமுகட்டையும் ஓர் ஊர்க் கோயிலின் கோபுரத்தையும் கண்ணுக்கு நேர்க்கோட்டில் நிறுத்த வேண்டும். பின்னர் வேறொரு திசையில் வேறொரு குன்றையும் தென்னந்தோப்பையும் அவ்வாறே நிறுத்த வேண்டும். இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் வலையை இறக்க வேண்டும். இத்தகைய இடங்கள் பலவற்றைத் தந்தை மகனுக்கு நினைவிலேயே ஒப்படைத்தார். வடிவக் கணிதத்தை ஏட்டில் படித்த எங்களுக்கு அதை மனத்திலேயே வைத்து உயிர் வளர்த்தவர்களை எண்ணி நாணம் உண்டாயிற்று. மகனின் அருகில் செயற்கைக்கோள் வழிகாட்டும் கருவியொன்று ஒளிர்ந்துகொண்டிருந்தது. அவர் மலையைப் பார்க்கவில்லை.

"அன்னா வாறாவ, சாமி" என்று பெரியவர் திடீரெனக் கைகாட்டினார். வேறு வள்ளம் ஏதோ வருகிறது என்றே நினைத்தோம். வந்தவை ஓங்கில்கள். ஒரு மனிதக் கூட்டத்தைச் சுட்டும் மரியாதையோடு அவர் அவற்றைச் சுட்டியது எங்கள் காதில் நின்றது.

முதலில் சாம்பல் நிற முதுகுகள் நான்கைந்து நீரைக் கிழித்து வளைந்து மறைந்தன. பின்னர் வலப்புறம் பத்து, இடப்புறம் பத்து என்று எண்ணிக்கை எங்கள் கைமீறிப் போயிற்று. ஒன்று நீரைவிட்டு மேலெழுந்து தன் உடலைத் தானே அச்சாகக் கொண்டு பம்பரம்போல் சுழன்று பக்கவாட்டில் விழுந்தது. இவ்வாறு சுழலும் இனம் ஒரே பாய்ச்சலில் ஏழுமுறை வரை சுழலவல்லது என்பர். தாயின் விலாவோடு ஒட்டியபடி குட்டியொன்று எழுவதும் மூழ்குவதுமாக இருந்தது. இயந்திரத்தை நிறுத்திவிட்டோம். அப்போது கேட்டது அவை மூச்சுவிடும் ஓசை. 'பூஃப்' என்ற அந்த ஓசை மிக அருகில் கேட்டபோது எங்களுள் எவரும் பேசவில்லை.

ஓங்கில் மீனன்று. நுரையீரலால் மூச்சுவிட்டு, குட்டி ஈன்று, பாலூட்டும் உயிர் அது. கிறிஸ்துவுக்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் இதை அறிந்து எழுதியிருக்கிறார். அது உறங்கும்போதும் மூளையின் ஒரு பாதி விழித்திருக்கும். இல்லையேல் மூச்செடுக்க மேலே வர இயலாது. நம் கரையில் இதைக் கடல்பன்னி என்பதும் உண்டு. ஆங்கிலத்தில் இதன் உறவினத்துக்கு வழங்கும் 'பார்ப்பாய்ஸ்' என்ற பெயரும் பன்றி, மீன் என்னும் இரு இலத்தீன் சொற்களின் சேர்க்கையே என்று ஆசிரிய நண்பர் சொன்னார். ஒருவரை ஒருவர் அறியாத இரு கரையோர மக்கள் ஒரே உயிரைப் பார்த்து ஒரே பெயரைச் சூட்டியிருக்கின்றனர்.

கடலோடிகளுக்கும் ஓங்கிலுக்கும் உள்ள உறவு கதைகளில் வருவதுபோல் அத்தனை இனிமையானதன்று. ஓங்கில் கூட்டம் வலையைக் கிழித்து மீனைத் தின்றுவிடுவதுண்டு. செவுள் வலைகளில் சிக்கி, மேலே வர இயலாமல் மூச்சடைத்து ஓங்கில்கள் இறப்பதும் உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றுக்குக் காவலளிக்கிறது. வலையில் ஓங்கில் சிக்கினால் என்ன செய்வீர்கள் என்று வங்கி நண்பர் கேட்டார். "அறுத்து விட்டுருவோம், மக்களே. வலை போனா வேற வலை கெட்டிக்கலாம்" என்றார் பெரியவர். எல்லாரும் அப்படித்தானா என்று மேலும் கேட்டதற்கு, "கடன் வாங்கி வலை போட்டவனுக்குக் கை நடுங்கத்தான் செய்யும்" என்று மறைக்காமல் சொன்னார்.

பொழியும் ஆறும்

வெயில் ஏறுமுன் கரை திரும்பினோம். அங்கிருந்து மணலில் நடந்து பொழிக்குச் சென்றோம்.

ஆறு கடலைச் சேரும் வாயையும், அவ்வாயைக் கடல் மூடிவைக்கும் மணல் திட்டையும் சேர்த்தே பொழி என்று நம் கரையில் சொல்வர். மணக்குடிப் பொழியைப் படைக்கும் ஆறு பழையாறு. சுருளகோட்டுப் பகுதியில் தோன்றி, கோட்டாற்றையும் சுசீந்திரத்தையும் கடந்து, நாஞ்சில் நாட்டின் வயல்கள் குடித்தது போக எஞ்சிய நீரோடு மணக்குடிக்கு வருகிறது. பாண்டியன் அணை, புத்தன் அணை, 1906இல் நிறைவுற்ற பேச்சிப்பாறை அணை என்று கலப்பையின் வரலாற்றில் பேசப்படும் அணைகளின் நீரும் கால்கள் வழியே வந்து இந்த ஆற்றில்தான் வடிகிறது. பேச்சிப்பாறை அணையைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினை நாஞ்சில் நாட்டு உழவர் இன்றும் நன்றியோடு நினைவுகூர்வர். அந்த நீர் முடியும் இடத்தில் ஒருபுறம் சாமித்தோப்பு, புத்தளம் பகுதிகளின் உப்பளங்கள், நடுவே அலையாத்திச் செடிகளின் பசுமை, அதற்கப்பால் மணல்.

ஆனி, ஆடி மாதங்களில் கொந்தளிக்கும் கடல் மணலை அள்ளிவந்து ஆற்றின் வாயில் குவிக்கிறது. ஆற்றில் நீர்வரத்துக் குறையும் காலத்தில் அந்த மணலைத் தள்ள ஆற்றுக்கு வலுவில்லை. வாய் அடைபட்டு உள்ளே காயல் நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மலையில் மழை கொட்டும்போது ஆறு பெருகி மணலை உடைத்துக்கொண்டு கடலில் பாய்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவ மழைகளையும் பெறுவது நம் மாவட்டம். இரண்டுக்கும் இடையே நடக்கும் வழக்கின் தீர்ப்பு ஆண்டுதோறும் இந்தப் பொழியில் எழுதப்பட்டு அழிகிறது.

சில வேளைகளில் ஆறு உடைக்கும்வரை காத்திருக்க இயலாது. உள்ளே நீர் ஏறினால் வயல் மூழ்கும், உப்பளம் கரையும், தாழ்ந்த பகுதியிலுள்ள வீடுகளில் நீர் புகும். அப்போது மண்வெட்டியோடு சென்று பொழியை வெட்டிவிட வேண்டும். எப்போது வெட்டுவது என்பதில் உழவனின் தேவை ஒன்று, உப்பளத்தானின் தேவை ஒன்று, காயலில் மீனும் இறாலும் பிடிப்பவனின் தேவை வேறொன்று. ஒரு முழ உயர மணலின் மேல் மூவரின் சோறு தங்கியிருக்கிறது. கலப்பையும் துடுப்பும் ஒன்றையொன்று முகத்துக்கு முகம் பார்க்கும் இடம் இதுவே. எத்தனை பேச்சுகள், எத்தனை சண்டைகள், எத்தனை உடன்பாடுகள் இந்த மணலில் நடந்திருக்கும்! பெரியவர் தம் சிறுவயதில் பார்த்த சிலவற்றைச் சொன்னார். அவர் சொல்லாவிட்டால் எங்களுக்கு அவை தெரிய வழியில்லை.

நண்பகலில் பெரியவரின் வீட்டிலிருந்து மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் வந்தன. கொண்டுவந்தவர் அவருடைய மனைவி. அவர் இளமையில் மீன்கூடையைத் தலையில் சுமந்து கோட்டாற்றுச் சந்தை வரை நடந்தவர். திரும்பும்போது அதே கூடையில் அரிசியும் கிழங்கும் வருமாம். கடலையும் வயலையும் இணைத்த பாதையை யார் போட்டது என்று கேட்டால், இத்தகைய பெண்களின் கால்கள் போட்டன என்பதே நேர்மையான விடை.

துடுப்பின் சுவடுகள்

உண்ட களைப்பில் மணலில் சாய்ந்திருந்தபோது பேச்சு வரலாற்றின் பக்கம் திரும்பியது. துடுப்பைப் பற்றி எழுத்தில் என்னதான் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தோம். இருப்பவை பெரும்பாலும் கடல்வழி வந்த வெளியார் எழுதியவை.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரையக் கடல் வழிச்செலவு' என்னும் நூல் குமரியில் ஒரு துறைமுகம் இருந்ததையும், நோன்பிருப்போர் அங்கு வந்து நீராடியதையும் குறிப்பிடுகிறது. அதை எழுதியவர் அரசரோ புலவரோ அல்லர். கடல் வழிகளை அறிந்த வணிகர்.

அதன்பின் பதினைந்து நூற்றாண்டுகள் கழித்து நம் கரைக்கு வந்தார் புனித பிரான்சிஸ் சவேரியார். 1544ஆம் ஆண்டு ஜூன் மாதம் வடுகப் படையினர் முத்துக்குளித்துறை ஊர்களைச் சூறையாடியபோது, அங்கிருந்து தப்பிய மக்கள் குமரிமுனைக்கருகில் கடற்பாறைகளில் பசியும் தாகமுமாய் ஒதுங்கிக் கிடந்தனர். சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உதவிப் பொருள்களோடு புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை. துடுப்புப் போட்டும் கயிறு கட்டி இழுத்தும் குமரியை அடைய முடியாமற் போனதை அவரே தம் மடலில் எழுதியிருக்கிறார். பின்னர் அவர் கரைவழியே நடந்து சென்றார். நாங்கள் காலையில் வள்ளத்தில் கண்ட அந்தக் கடலும் காற்றுமே அவரைத் திருப்பி அனுப்பியவை என எண்ணும்போது, பீடத்தில் சுரூபமாய்க் கண்டு பழகிய புனிதர் உப்புநீரில் நனைந்தவராய் எங்களுக்கு மிக அருகில் வந்தார்.

அதே ஆண்டின் இறுதியில் அவர் திருவிதாங்கூர்க் கரையின் முக்குவர் ஊர்களுக்கு வந்தார். ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர்க்குத் திருமுழுக்கு அளித்ததாக 1545 சனவரி 27ஆம் நாள் கொச்சியிலிருந்து எழுதிய மடலில் குறிப்பிடுகிறார். அம்மடலில் உள்ள ஒரு சிறு செய்தியை நாம் அதிகம் கவனிப்பதில்லை. திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரை எழுதிக் கொடுத்தார் என்பதே அது. நிலவரி ஏட்டிலும் கோயில் ஓலையிலும் இடம்பெறாத எளிய மக்களின் கையில், அவரவர் பெயர் எழுதிய ஒரு துண்டு! அதைப் படிக்கத் தெரிந்தவர் அன்று அக்கரையில் எத்தனை பேர் இருந்திருப்பர்? ஆயினும் தன் பெயர் எங்கோ எழுதப்பட்டிருக்கிறது என்ற உணர்வு ஒரு மனிதனை எவ்வளவு நிமிரச் செய்திருக்கும்!

ஆசிரிய நண்பர் குளச்சல் போரை நினைவூட்டினார். 1741 ஆகஸ்டு 10ஆம் நாள் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக்காரரைக் குளச்சலில் முறியடித்தது. அப்போரில் கரையோர மக்கள் தோளில் துடுப்பைச் சாய்த்து வரிசையாக நின்றனர் என்றும், கடலில் நின்ற டச்சுக்காரர் அத்துடுப்புகளைத் துப்பாக்கிகள் என்று மயங்கி அஞ்சினர் என்றும் செவிவழி மரபொன்று உண்டு. குளச்சலில் நிற்கும் வெற்றித்தூண் போரைச் சொல்கிறது. துடுப்பை மக்களின் நாவே சொல்கிறது. அந்தப் போரில் சிறைப்பட்ட தெலனாய் பின்னர் திருவிதாங்கூரின் 'வலிய கப்பித்தான்' ஆனதும், அவர் வழியாக நீலகண்டர் கிறிஸ்துவை அறிந்து 1745இல் வடக்கன்குளத்தில் தேவசகாயமாகத் திருமுழுக்குப் பெற்றதும், 1752 சனவரி 14இல் காற்றாடிமலையில் உயிர்நீத்ததும், 2022 மே 15இல் புனிதராக உயர்த்தப்பட்டதும் நம் வாசகர் அறிந்தவை. கடல்வழி வந்த ஒன்று உள்நாட்டை எவ்வளவு தூரம் தொட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

நாங்கள் சாய்ந்திருந்த மணலுக்கும் ஒரு வரலாறு உண்டு. மணவாளக்குறிச்சிக் கரையின் மணலில் மோனசைட் இருப்பதை 1909இல் ஷோம்பெர்க் என்ற செருமானிய வேதியியலார் கண்டறிந்தார். ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிச் சென்ற மணலே அவருக்குக் குறிப்புக் காட்டியது. அதிலிருந்து பிரித்த தோரியம் ஐரோப்பிய நகரங்களின் வாயு விளக்குகளுக்கு ஒளி தந்தது. எவரும் பொருட்படுத்தாமல் காலால் மிதித்துச் சென்ற மணலின் மதிப்பை ஒரு கயிறு சொல்லிவிட்டது.

இருகடல் கூடுமிடம்

பிற்பகலில் பங்குத்தந்தை திருத்தூதர் பணிகள் நூலின் இருபத்தேழாம் அதிகாரத்தை எடுத்தார். உரோமைக்குக் கைதியாகக் கொண்டு செல்லப்பட்ட புனித பவுலின் கப்பல் புயலில் சிக்கி மால்ட்டாத் தீவினருகே மணல் திட்டில் ஏறி நொறுங்குகிறது. அந்த இடத்தைக் குறிக்க மூலநூல் ஆளும் கிரேக்கச் சொல்லுக்கு 'இருகடல் உள்ள இடம்' என்பது நேர்ப்பொருள் என்றார் அவர். கடல்கள் கூடுமிடத்திலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு அச்சொல் புதிதாக ஒலித்தது. கப்பலிலிருந்த 276 பேரும் உயிர் தப்பினர். நீந்தத் தெரிந்தவர் நீந்தினர், மற்றவர் பலகைகளைப் பற்றிக்கொண்டு கரை சேர்ந்தனர். "பலகையா? அப்ப அது நம்ம மரந்தான்" என்றார் பெரியவர். கட்டுமரத்தில் கடலோடியவருக்கு அந்த அதிகாரத்தில் விளக்கவுரை தேவைப்படவில்லை.

மணல் திட்டில் எல்லாரும் தப்புவதில்லை. 1973 சனவரியில் மணப்பாட்டுக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட கரையில் 147 பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. பெயரில் திமிங்கிலமாயினும் இவையும் ஓங்கில் குடும்பத்தைச் சேர்ந்தவையே. நாற்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து 2016 சனவரியில் அதே கரையில் அதே இனம் ஏறத்தாழ 80 எண்ணிக்கையில் மீண்டும் ஒதுங்கியது. மணப்பாடு முதலிய ஊர்களின் மீனவர்கள் அவற்றைக் கடலுக்குள் தள்ளியும் வள்ளங்களில் கட்டி இழுத்தும் சென்று விட்டனர். விடப்பட்டவற்றுள் சில மீண்டும் கரைக்கே வந்தன. கரையில் கிடக்கும் தம் இனத்தை விட்டு அவை பிரிவதில்லை. கூட்டமாக ஒதுங்குவதற்கு அறிஞர் கூறும் காரணங்களுள் இதுவும் ஒன்று. நாற்பதுக்கும் மேற்பட்டவை இறந்தன. சவேரியார் தோணிகளைத் திரட்டிய அதே மணப்பாட்டில், பசித்திருந்த மனிதர்க்காக அன்று தள்ளிய கைகளின் வழிவந்த கைகள் இன்று வேறோர் உயிருக்காகத் தள்ளின.

உரோமை நகரின் நிலத்தடிக் கல்லறைகளில் தொடக்கக் காலக் கிறிஸ்தவர்கள் நங்கூரத்தோடு ஓங்கிலையும் வரைந்து வைத்தனர். கலங்களோடு உடன்வரும் அந்த உயிரில் மீட்பின் சாயலை அவர்கள் கண்டிருக்க வேண்டும். எங்களுக்கோ அன்று மனத்தில் நின்றது, தன் இனத்தை விட்டுப் போக மறுத்து மணலில் மடிந்தவற்றின் சாயல்.

எழுதப்பட வேண்டிய ஏடு

பொழிக்கு மேலே மேல மணக்குடியையும் கீழ மணக்குடியையும் இணைக்கும் பாலம் செல்கிறது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. திருக்குடும்பப் பெருவிழாத் திருப்பலிகள் நடந்துகொண்டிருந்த காலை நேரத்தில் ஆழிப்பேரலை எழுந்தது. அன்று இங்கிருந்த பாலத்தின் கற்காரைப் பாகங்களைக் கடல் பெயர்த்து ஆற்றுக்குள் வீசியது. நம் மாவட்டத்தில் ஏறத்தாழ 800 உயிர்கள் போயின. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று ஊர்தோறும் குழிகள் வெட்டப்பட்டன. பின்னர் எழுந்த புதிய பாலம் லூர்தம்மாள் சைமன் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1957இல் குளச்சல் தொகுதியிலிருந்து சட்டமன்றம் சென்று காமராசர் அமைச்சரவையில் மீன்வளத்தையும் உள்ளாட்சியையும் ஏற்ற கடலோரப் பெண்மணி அவர். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்துக் கடலோடிகள் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. அவர்களுள் பலருக்குக் குழி வெட்டவும் உடல் கிடைக்கவில்லை.

உயிர்களோடு போனவை வேறு சிலவும் உண்டு. எந்த மலைக்கு எந்தக் கோபுரத்தை நேர்நிறுத்தினால் எந்தப் பார் கிடைக்கும், எந்தக் காற்றுக்கு எந்த மீன் ஏறும், எந்த ஆண்டு யார் சொல்லிப் பொழி வெட்டப்பட்டது, அதற்கு மேட்டூர்க்காரர் என்ன சொன்னார்கள் என்பன போன்ற செய்திகளை மனத்தில் வைத்திருந்தவர்கள் அவர்கள். எஞ்சிய பெரியவர்கள் ஒவ்வொருவராக விடைபெறுகின்றனர். அவர்களுடைய பிள்ளைகள் ஆழ்கடலுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகின்றனர். கருவி வழிகாட்டும்போது மலையை நினைவில் வைக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. அதற்காக அவர்களைக் குறைகூறுவது முறையும் அன்று. ஆனால் கலப்பையின் வரலாற்றை எழுதிவைத்தவர்கள் போல், துடுப்பின் வரலாற்றை எழுதிவைக்க நம்மிடம் எழுத்து இல்லையா? நம் பங்குகளில் திருமுழுக்குப் பதிவேடுகள் இருக்கின்றன; திருமண, இறப்புப் பதிவேடுகள் இருக்கின்றன. படித்த இளைஞர்கள் இல்லாத கடற்கரைப் பங்கு இன்று ஒன்றும் இல்லை. பதிவேட்டில் இருக்கும் பெயருக்குப் பின்னால் நின்ற வாழ்வைப் பெரியவர்களிடம் கேட்டு எழுத ஒரு நோட்டுப் புத்தகமும் சில மாலைப்பொழுதுகளும் போதும். மாலையில் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தபோது எங்கள் மேல் ஏறியிருந்த கடன் இதுவே.

வெயில் சாய்ந்தது. காயலின் மேல் கொக்குகள் சுசீந்திரம் பக்கமாகப் பறந்தன. புறப்படும் முன் பங்குத்தந்தை தம் குறிப்பேட்டைத் திறந்து பெரியவரின் பக்கத்தில் அமர்ந்தார். காலையில் அவர் சொன்ன பார்களின் பெயர்களைத் திரும்பவும் கேட்டு ஒவ்வொன்றாக எழுதினார்.

"இதையெல்லாம் எதுக்கு எழுதுறிய, சாமி?" என்று பெரியவர் கேட்டார்.

பங்குத்தந்தை உடனே பதில் சொல்லவில்லை. பக்கத்தைத் திருப்பி, பெரியவரின் பெயரை மேலே எழுதினார். பின் அவருடைய தந்தையின் பெயரைக் கேட்டார். சொன்னார். தந்தையின் தந்தை? சொன்னார். அவருடைய தந்தை? சற்று நிறுத்தி, கடலைப் பார்த்து, அதையும் சொன்னார். அதற்கு மேலும் ஒரு பெயரை அவருடைய மனைவி எடுத்துக் கொடுத்தார். ஐந்து தலைமுறை ஒரே பக்கத்தில் நின்றது. பெரியவர் அந்தத் தாளைத் தம் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, தம் தந்தையின் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டச் சொன்னார்.